எந்த கைடு வாங்கலாம்?

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். ஒரே பாடத்துக்குக் கடையில் நாலைந்து கைடு அடுக்கியிருக்கிறார்கள். எதை வாங்க?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: ஐந்து பாடத்துக்கும் வாங்கிக் குவிக்காதீர்கள். மகன் தடுமாறும் பாடம் எதுவோ, அதற்கு மட்டும் ஒன்று. கடைக்கு அவனையும் பாடப்புத்தகத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். கணக்கு என்றால், இயற்கணிதத்தில் அவனுக்குப் பிடிபடாத ஒரு கணக்கை ஒவ்வொரு கைடிலும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்படிகளை விழுங்கிவிட்டு நேராக விடைக்குத் தாவும் கைடு, அட்டை எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். (‘நூற்றுக்கு நூறு உறுதி’ என்று அச்சடித்தவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது.)

பாடப்புத்தகம் 2019இல் மாறியது. அதற்கு முந்தைய கைடு பழைய புத்தகக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும், தொடாதீர்கள்.

தமிழுக்குக் கோனார் உரை செய்யுளைப் புரிந்துகொள்ள உதவும். கட்டுரையை மட்டும் அவனே எழுதட்டும். அறிவியலில் பாடத்தின் பின்வினாக்களோடு நிற்கும் கைடு போதாது, உள்ளிருந்தும் கேள்வி வருகிறது. மிச்சப் பணத்தில் முந்தைய ஆண்டு வினாத்தாள் தொகுப்பு ஒன்று வாங்குங்கள். விடைகள் கடைசியில் தனியாக இருக்கிறதா என்று பார்த்து.