ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம்

புனே, மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள பெரிய நகரம். அங்கே கர்வே நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடைகள், மாடி வீடுகள், பேருந்துகள் என்று எப்போதும் கூட்டமாக இருக்கும்.

1900ஆம் ஆண்டில் அங்கே நகரம் இல்லை. ஹிங்கணே என்ற சிற்றூர்தான் இருந்தது. புனேயிலிருந்து சுமார் நான்கு மைல் தூரம். நல்ல பாதை கிடையாது. மழை பெய்தால் ஒரே சேறு. அந்த இடத்தில் ஒரு குடிசை எழுந்தது. அதுதான் பள்ளிக்கூடம். அங்கே படிக்க வந்தவர்கள் கைம்பெண்கள்.

அந்தக் காலத்தில் எட்டு வயதிலேயே பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். கணவன் இறந்துவிட்டால் அவள் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. பிராமணக் குடும்பங்களில் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள். மறுமணம் கூடாது. நல்ல காரியங்களில் முன்னே வரக்கூடாது. வீட்டு வேலை மட்டும் ஓயாமல் செய்ய வேண்டும். இவளுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார்கள்.

பள்ளியைத் தொடங்கியவர் தோண்டோ கேசவ் கர்வே. பெர்குசன் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். மனைவி இறந்த பிறகு, 1893இல், கோதுபாய் என்ற கைம்பெண்ணை மணந்தார். அவருடைய சொந்த ஊர் முருட். அந்த ஊரார் அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். கர்வே சளைக்கவில்லை. 1896இல் கைம்பெண்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார்.

புனே நகருக்குள் எதிர்ப்பு இருந்தது. பிளேக் நோய் வேறு மக்களை வாட்டியது. கோகலே என்ற பெரியவர் ஹிங்கணேயில் ஆறு ஏக்கர் நிலம் கொடுத்தார். பள்ளி அங்கே போயிற்று.

கர்வே பகலில் கல்லூரியில் பாடம் நடத்துவார். மாலையில் ஹிங்கணேக்கு நடப்பார். பள்ளிக்கு வேண்டிய சாமான்களையும் கையோடு கொண்டுபோவார். அங்கே பாடம் சொல்லிக் கொடுப்பார். பிறகு மறுபடியும் புனேக்கு நடை.

கோதுபாயின் தங்கை பார்வதிபாய் ஆட்டவலே. இருபது வயதில் கணவனை இழந்தார். கையில் ஒரு மகன். எழுதப் படிக்கத் தெரியாது. இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான் எழுத்துக் கற்றார். கற்றவர் அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். அதை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார். ஊர் ஊராகப் போய் மேடை ஏறிப் பேசி, பள்ளிக்குப் பணம் திரட்டினார். 1918இல் அமெரிக்காவுக்கே போனார்! அங்கே வீட்டு வேலை செய்து பிழைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றார். பின்னாளில் தன் கதையைத் தானே புத்தகமாக எழுதினார்.

இந்தப் பள்ளிக்கு ஒரு குறையும் இருந்தது. தொடக்கத்தில் பிராமணப் பெண்களுக்கு மட்டுமே இடம் தந்தார்கள். ஆனால் இதே புனேயில், 1848லேயே ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்திருந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தினார்கள். கர்வேயும் பிற்காலத்தில், 1944இல், சாதி வேற்றுமையை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கினார்.

1907இல் கர்வே மகிளா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். கல்யாணம் ஆகாத பெண்களும் அதில் படித்தார்கள். 1916இல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. பாடங்கள் தாய்மொழியில் நடந்தன.

நம் சென்னையிலும் இது போன்ற வேலை நடந்தது. சகோதரி சுப்புலட்சுமி இளம் கைம்பெண்களுக்கு விடுதி நடத்தினார். கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவர்கள் தங்கிப் படித்தார்கள்.

1936இல் கர்வேக்கு 78 வயது. அப்போதும் அவர் ஓயவில்லை. பள்ளி இல்லாத கிராமங்களில் பள்ளி திறக்க ஒரு மன்றம் அமைத்தார். புனேத் தெருக்களில் நடந்து, வீடு வீடாக அணா அணாவாகச் சேர்த்தார். 1958இல் அவருக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1962இல், 104 வயதில் காலமானார்.

புனே நகரம் வளர்ந்து ஹிங்கணே வரை வந்துவிட்டது. அவர் நடந்த அந்தப் பக்கத்துச் சாலைக்கு இன்று கர்வே சாலை என்று பெயர். குடிசை எழுந்த இடத்தில் பெண்கள் இன்றும் படிக்கிறார்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. பார்வதிபாய் எழுத்துக் கற்றபோது அவருக்கு என்ன வயது இருக்கும்?

2. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இடம் கொடுத்தவர் யார்? கட்டடம் எப்படி வந்தது? பெரியவர்களைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.