பவளத்துக்கு எத்தனை வாட் வேணும்?

பரீட்சை லீவுல சிங்கப்பூரிலிருந்து எங்க சித்தப்பா போன் பண்ணினார். "டேய், நீதான் சயின்ஸ் நல்லா படிக்கிறியே! என் பவளம் வெள்ளையாயிடுச்சு, ஏன்னு சொல்லு" என்றார். எனக்கு முழி பிதுங்கிவிட்டது. பிறகு பயாலஜி டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சித்தப்பா 60 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, பண்ணையில் வளர்த்த ஹேமர் பவளத் துண்டு ஒன்றை வாங்கி வைத்தார். முதலில் வீட்டு டியூப்லைட் மட்டும்தான். பவளம் கரும்பழுப்பாகி, சுருங்கியே கிடந்தது. யாரோ வெளிச்சம் பத்தலைன்னு சொல்ல, பெரிய எல்.இ.டி. விளக்கு வாங்கி, முழு பவரில் தினம் 12 மணி நேரம் எரியவிட்டார். பத்தே நாளில் வெளுத்துவிட்டது!

பவளம் செடி இல்லை, விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. இந்தப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தயாரித்து, பெரும்பகுதியை வீட்டு வாடகை மாதிரி பவளத்துக்கே கொடுத்துவிடும். வெளிச்சம் குறைந்தால் பவளம் பட்டினி. திடீரென்று அதிகமானால் பாசிக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் உருவாகும். அப்போது பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பழுப்பு நிறம் பாசியோடது. அது போனதும் அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரியும். கடல் சூடானாலும் இப்படித்தான். நம்ம மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளங்கள் வெளுத்தது சூட்டினால்தான்.

வெளுத்தது என்றால் செத்தது என்று அர்த்தமில்லை என்று டீச்சர் சொன்னதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

சரி, எந்த விளக்கு வாங்குவது? நான் முதலில் "எத்தனை வாட் சித்தப்பா?" என்றுதான் கேட்டேன். அது தப்பான கேள்வி! வாட் என்பது விளக்கு சாப்பிடும் மின்சாரம். பாசிக்குத் தேவை 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளி. அதை 'பார்' என்ற அளவால் சொல்கிறார்கள். அளக்க மீட்டர் உண்டு. உச்சி வெயிலில் சுமார் 2000 இருக்கும். ஹேமர் பவளத்துக்கு 75 முதல் 150 போதும். மான்கொம்புப் பவளத்துக்கு 250க்கு மேல் வேண்டும். சின்னத் தொட்டியில் ஆழம் ஒரு அடிதான், அதனால் பெரிய தொட்டி விளக்கைப் போட்டால் அடிவரை சுட்டெரிக்கும்.

நிறமும் முக்கியம். சிவப்பு ஒளியைத் தண்ணீர் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். பவளத்துப் பாசி அதற்கே பழகியது. பவளத் தொட்டிகள் நீலமாக மின்னுவதை அழகுக்கு என்றே நினைத்திருந்தேன்!

(இதைப் படிச்சுட்டு ராமேஸ்வரம் பக்கம் போய்ப் பவளத்தை எடுத்துட்டு வந்துடாதீங்க. கல் பவளங்கள் 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு!)

சித்தப்பா இப்போ விளக்கைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, பவளத்தை அடியில் வைத்து, 30 சதவீத பவரில் 8 மணி நேரம் மட்டும் எரிக்கிறார். வாரத்துக்கு 5 சதவீதம்தான் கூட்டணும்னு கறாராகச் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போட்டோ அனுப்பினார். ஒரு ஓரத்தில் லேசாகப் பழுப்பு தெரிகிறது. மற்ற இடமெல்லாம் இன்னும் வெள்ளைதான்.

– 10ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்