ஈளை நோயும் உடலின் காவற்படையும்

மளிகை, மசாலா, துணி வியாபாரம் செய்யும் நம்மவர் பலருக்கு ஈளை இளைப்பு உண்டு. டாக்டர்கள் ஆஸ்த்மா என்பது இதைத்தான். யான் வைத்தியம் கற்றவனல்லன். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே இருபது வருஷம் இருமியவன். நீல இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இளைக்கும்போது இழுத்தால் போதுமென்றிருந்தேன். ஓரிரவு அது பலிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின்னரே இந்நோயின் உள்விவரத்தை விசாரித்தறிந்தேன். அறிந்ததை நம் வர்த்தகச் சகோதரர்கள் முன் வைக்கிறேன்.

ஆஸ்த்மா என்பது மூச்சுக்குழாய் சுருங்குவது மட்டுமன்று. குழாயின் உட்புறம் ஓயாமல் வீங்கியிருப்பதே அதன் மூலம். அவ்வீக்கத்தை உண்டாக்குவது நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுப் படையே.

மசாலா அரைக்கும் கடையில் எல்லாப் பொடிகளுக்கும் அளவு எழுதிய புத்தகம் ஒன்றிருக்கும். எந்தப் பக்கத்தைத் திறக்கிறோமோ அந்தப் பொடிதான் அன்று அரைபடும். உடலின் உயிரணுக்களுக்கும் அப்படியொரு புத்தகம் உண்டு. அதன் பக்கங்களே ஜீன்கள். எந்த ஜீன் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அணுவின் வேலை அமையும்.

மெத்தையிலும் மாவு மூட்டையிலும் வாழும் நுண்ணிய தூசிப்பூச்சியின் துகள் சுவாசத்தில் புகுகிறதென வைத்துக்கொள்வோம். ஒவ்வாமை உள்ளவரின் உடலில், ‘டி’ அணுக்கள் எனும் வெள்ளணுக்களில் ஒருசாரார் அதைப் பகைவனென்றெண்ணி, மூன்று ஜீன்களைத் திறக்கின்றனர். அவற்றிலிருந்து மூன்று தூதுப்பொருள்கள் உண்டாகின்றன. அவை இன்டர்லூக்கின் 4, 5, 13 எனப்படும்.

நான்காவது, ‘ஐ.ஜி.ஈ’ என்ற எதிர்ப்பொருளைச் செய்யத் தூண்டும். 1960களில் ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிஸாகா தம்பதியரும், சுவீடன் தேசத்து விஞ்ஞானிகளும் தனித்தனியே கண்டறிந்தது இது. இது ‘மாஸ்ட்’ அணுக்களின்மேல் ஒட்டிக் காத்திருக்கும். அதே தூசி மீண்டும் வந்தால் அவ்வணுக்கள் வெடித்துச் சில நிமிஷங்களில் குழாய் இறுகும். ஐந்தாவது, இயோசினோபில் எனும் வெள்ளணுக்களைப் பெருக்கும். அவை சில மணி நேரத்தில் வந்து குழாயைப் புண்ணாக்கும். பதின்மூன்றாவது, கோழையைப் பெருக்கும். மிளகாய் நெடியும் ஊதுபத்திப் புகையும் இப்படிப் புண்பட்ட குழாயை மேலும் உறுத்துவன. எல்லா ஆஸ்த்மாவும் இவ்வகையன்று. ஆயினும் பெரும்பாலோர்க்கு இதுவே வழி.

இனி மருந்துக்கு வருவோம். நீல இன்ஹேலரில் பொதுவாக உள்ள சால்பியூட்டமால், இறுகிய தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டோ அணுவுக்குள்ளேயே புகுந்து, திறந்து கிடக்கும் வீக்க ஜீன்களை மூடுகிறது. பக்கங்களை மூடப் பல நாட்கள் பிடிக்குமாதலால், இளைப்பில்லாத நாளிலும் அதை இழுக்க வேண்டும். நன்றாயிருக்கிறதென்று நாமாகவே நிறுத்தினால் பக்கங்கள் மறுபடி திறந்துவிடும். சர்வதேச ஆஸ்த்மா வழிகாட்டிக் குழுவான ஜினா, பெரியவர்கள் நீல மருந்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாதென 2019இலேயே சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு என்றதும் அஞ்சுவோர் உண்டு, யானும் அஞ்சினேன். மாத்திரை மில்லிகிராம் கணக்கு. இழுப்பதோ மைக்ரோகிராம் கணக்கு. இழுத்தபின் வாய் கொப்பளித்தால், வாயில் பூஞ்சைப் புண் வருவதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

நீல மருந்தை வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நாடுகிறவர் உடனே டாக்டரைக் கண்டு, தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்பாராக. இழுத்தும் மூச்சுத் தணியாமல், பேசவும் இயலாது போனால், கடையை அடைக்கும் நேரம் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். யான் அன்று கணக்கு முடியட்டுமென்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அந்தத் தவறு உங்களுக்கு நேர வேண்டாம்.