பிழைப் பட்டியலை ஊரே பார்க்கலாமா?

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் உள்ள கோளாறுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாமாமே? திருடனுக்கு வழிகாட்டுவது ஆகாதா?

பதில்: படிக்கலாம். அதை உருவாக்கும் மொசில்லாவின் பிழைப் பட்டியலான பக்ஸில்லாவில் படிக்கக் கணக்குகூட வேண்டாம். புகார் எழுதத்தான் கணக்கு. ஆனால் நீங்கள் பயப்படும் ரகம், அதாவது பாதுகாப்பு ஓட்டைகள், அங்கே பூட்டித்தான் இருக்கும். திருத்திய பதிப்பு மக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்து சில காலம் கழித்தே பொதுவில் திறப்பார்கள்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் இன்னும் பிடிவாதம். குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அங்கே புகாரை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். உங்கள் முகவரியும் அப்படியே வெளியே தெரியும். இது எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. எங்கே புகார் அனுப்பினாலும், அனுப்புமுன் அதோடு இணைத்திருக்கும் லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உங்கள் பாஸ்வேர்டு அதில் கிடக்கலாம்.