ஆளில்லாக் கடை

வைகறைப் பொழுதில் இராயபுரத்தை அடுத்த காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் காணத்தக்க காட்சியாகும். கடலில் அலைந்த விசைப்படகுகள் கரை சேர்கின்றன. வஞ்சிரமும் சங்கராவும் வவ்வாலும் கூடை கூடையாய் இறங்குகின்றன. ஏலம் கூறுவோரைச் சுற்றி வணிகர் குழுமுகின்றனர். மீனின் செவுளைப் பார்த்தல், இன்னும் எத்தனை படகுகள் வரவுள்ளன என எண்ணுதல், வாங்குவோர் முகக்குறிப்பை அறிதல் ஆகிய இத்தனையும் நொடிப்பொழுதில் நிகழ்ந்து ஒரு விலை பிறக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடையுண்டு. அந்நாள்களில் விலை ஏறுவது ஏன் என்பதை அத்துறைச் சிறுவனும் சொல்வான்.

காசிமேட்டின் தென்பால் சென்னைத் துறைமுகமும், வடபால் 2001 இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகமும் உள்ளன. இவை போன்ற துறைகளில் இறங்கும் பொருள்கள் பலவும் இன்று இணையக் கடைகளின் வாயிலாக விற்பனையாகின்றன. அக்கடைகள் சிலவற்றில் கல்லாவில் அமர்வார் எவருமிலர்; கணினி மென்பொருளே கடை நடத்துகிறது. நாளொன்றுக்கு 20 பொருள் விற்று, புதுச்சரக்கு வந்து சேர 5 நாள் ஆகுமாயின், கையிருப்பு 100 ஆகக் குறையுமுன்னரே அது கொள்முதல் ஆணை விடுத்துவிடும். வாடிக்கையாளர் வினாவுக்கு விடை கூறும். போட்டிக் கடையின் விலையை நோக்கித் தன் விலையையும் மாற்றும். கண்ணயராத கணக்கப்பிள்ளை எனலாம். ஆயினும் அது மீனின் செவுளைப் பார்த்ததன்று. எண்களை மட்டுமே அறியும்.

2011 ஆம் ஆண்டு நிகழ்ந்ததொன்று வியப்பிற்குரியது. ஈயின் வளர்ச்சியை ஆராய்ந்து பீட்டர் லாரன்ஸ் 1992 இல் வெளியிட்ட நூல் ஒன்றை, அமெரிக்க உயிரியலறிஞர் மைக்கேல் ஐசனின் ஆய்வகத்தார் அமேசான் தளத்தில் தேடினர். பழைய படி 35 டாலருக்குக் கிடைத்தது. புதிய படியின் விலையோ 17,30,045 டாலர்! ஐசன் நாள்தோறும் நோக்கிக் காரணத்தைக் கண்டார். அந்நூலைப் புதிதாக விற்க முன்வந்தோர் இருவர். ஒருவரது மென்பொருள், மற்றவர் விலையை 0.9983 ஆல் பெருக்கித் தன் விலையைச் சற்றே குறைத்து வைத்தது. மற்றவரதோ, முன்னவர் விலையை ஏறத்தாழ 1.27 ஆல் பெருக்கியது. இவரிடம் நூலே இல்லை போலும். ஆணை வந்தபின் முன்னவரிடம் வாங்கி அனுப்பும் எண்ணம் போலும் என்று ஐசன் கருதினார். இரு பெருக்கெண்களையும் பெருக்கிப் பார்த்தால் 1.268 வரும், அஃதாவது, மூன்று நாள்களில் விலை இரட்டிப்பாகும். ஏப்ரல் 18 அன்று அது 2,36,98,655 டாலரைத் தொட்டது. காசிமேட்டில் ஒருவர் இவ்வாறு விலை கூறின் சுற்றியிருப்போர் நகைத்தே கலைந்திருப்பர். இங்கு நகைப்பதற்கும் ஆளில்லை! மறுநாள் யாரோ விழித்துக்கொண்டனர் போலும். முதல் விலை 106.23 டாலராக இறங்கிற்று. மற்றதும் பின்தொடர்ந்து 134.97 ஆயிற்று. பெருக்கெண் மட்டும் மாறவில்லை.

விலை ஏறினால் வேடிக்கை, இறங்கினாலோ வயிற்றிலடி. 2014 டிசம்பர் 12 மாலை பிரித்தானியாவில் விலையிடும் மென்பொருள் ஒன்று பிழைபட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் எண்ணற்ற பொருள்கள் ஒரு பென்னிக்கு விலைபோயின. பெரும்பாலான ஆணைகள் நீக்கப்பட்டன. ஆயினும் சில பொருள்கள் அதற்குள் கிடங்கை விட்டுப் புறப்பட்டுவிட்டன. கிறிஸ்துமஸ் விற்பனையை நம்பியிருந்த சிறு வணிகர்க்கு அவ்விழப்பு சிறிதன்று.

இத்தகைய மென்பொருள்களில் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு எண்களைக் குறித்து வைக்க இடமுண்டு. விலை அவற்றைத் தாண்டாது. பொருளை எவ்வளவுக்கு வாங்கினார், அதற்குக் கீழே விற்றால் எத்தனை நாள் தாங்குவார் என்பதை அறிந்த வணிகரே, இரவு கடையை மென்பொருளிடம் விடுமுன் அவ்விரண்டையும் எழுதிவைக்கிறார்.