அடிச்சுவடு கூறுவதும் கூறாததும்

சிறுத்தை முதலிய ஊனுண்ணிகள் பெரும்பாலும் இரவில் நடமாடுவன. ஆதலின் ஊரருகே ஆடு ஒன்று மடிந்து கிடப்பின், அவ்வழியே வந்த விலங்கு யாதென அறிய, ஓடை மணலிலும் வண்டிப்பாதைப் புழுதியிலும் பதிந்த அடிச்சுவடே முதற்சான்றாகும்.

பூனைக் குடும்பத்து விலங்குகளுள் புலியும் சிறுத்தையும் நடக்கையில் நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளும். எனவே நான்கு விரற்பதிவுகள் காணப்படும், நகக்குறி இராது. அடிமெத்தையின் பின்விளிம்பு மூன்று மடல்களாகத் தோன்றும். நாய், ஓநாய், கழுதைப்புலி ஆகியவற்றின் சுவட்டில் நகக்குறியும் பதியும். கழுதைப்புலியின் முன்னடி பின்னடியினும் பெரியது.

புலிக்கும் சிறுத்தைக்கும் சுவட்டின் வடிவம் ஏறக்குறைய ஒன்றே, அளவே வேறு. ஆயினும் புலிக்குட்டியின் சுவடு சிறுத்தையினதை ஒத்திருக்கும். ஈரச் சேற்றில் சுவடு விரிந்து பெரிதாகும். வழுக்கு நிலத்தில் பூனையினமும் நகத்தை ஊன்றும். ஆகவே, ஒரு சுவட்டைக் கொண்டு முடிவு செய்யலாகாது. தொடர்ந்துள்ள பல சுவடுகளை அளந்து, அருகே அளவுகோல் வைத்து நிழற்படம் எடுத்தல் வேண்டும்.

சுவடு விலங்கின் இனத்தைக் கூறும்; எண்ணிக்கையை நம்பத்தக்கவாறு கூறாது. இராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் சுவடுகளைக் கொண்டு எடுத்த கணக்குகள் புலிகள் உண்டென்றே காட்டிவந்தன. 2005-ஆம் ஆண்டில் தேடியபோது அங்கு ஒரு புலியும் இல்லை என்பது தெளிவாயிற்று. இதன்பின், ஒவ்வொரு புலிக்கும் தனித்தன்மையுடைய உடல்வரிகளைத் தானியங்கி நிழற்படக் கருவியால் பதிவு செய்து கணிக்கும் முறை நாடெங்கும் கைக்கொள்ளப்பட்டது. எனினும் அக்கருவியை எவ்வழியில் நிறுத்துவது என்பதை இன்றும் சுவடே காட்டுகிறது.