வலி காலில், கோளாறு எங்கே?



இடுப்பிலிருந்து காலுக்கு ஒரு வலி இறங்கினால் நம் வீடுகளில் உடனே வரும் வார்த்தை, "நரம்பு இழுத்துக்கிச்சு". அடுத்து தைல போத்தல் வரும். அதற்கடுத்து நீவி விடுபவரின் தொலைபேசி எண் வரும். பெரும்பாலான நேரம் அந்த வலி முதுகு சம்பந்தப்பட்டதுதான்; சில வாரங்களில் அடங்கியும் விடும்.

ஆனால் அதே காலில், கிட்டத்தட்ட அதே எரிச்சலையும் குத்தலையும் கொடுக்கும் இன்னொரு நோய் இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் கண்டுபிடிக்கப்படும் நோய் இது. அதாவது நம் வயது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

நம் வட்டாரத்தில் எம்.எஸ். அரிது. அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் அரிது என்பதாலேயே அது யாருக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை. "முதுகு வலிதான், சரியாயிடும்" என்று மாதங்கள் ஓடிவிடலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

வயரிங்கை முதலில் பார்ப்போம்

நான் படிப்பது மின் பொறியியல். வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு விளக்கில்தான் என்று சொல்லிவிட முடியாது. சுவிட்சில் இருக்கலாம், சுவருக்குள் ஓடும் வயரில் இருக்கலாம், மெயின் பெட்டியிலேயே இருக்கலாம். காலும் அப்படித்தான். பெருவிரலில் ஏதாவது பட்டால் அந்தச் செய்தி கால் நரம்பு வழியாக இடுப்புக்கு வருகிறது. அங்கே நரம்பு வேர் வழியாக முதுகெலும்புக்குள் நுழைகிறது. பிறகு தண்டுவடத்தில் ஏறி மூளைக்குப் போகிறது. இந்தப் பாதையில் எங்கே கோளாறு வந்தாலும் மூளை அதைக் கால் வலி என்றே எடுத்துக்கொள்ளும்.

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க். அது பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் வலி காலுக்கு ஓடும். இதைத்தான் சியாட்டிகா என்கிறார்கள். இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது அதிகம் நடக்கிறது.

எம்.எஸ். வேறு கதை. நரம்பிழையைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறையுள்ள தடித்த நரம்பிழையில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரை ஓடும்; உறையில்லாத மெல்லிய இழையில் ஏறக்குறைய 1 மீட்டர்தான். எம்.எஸ். வந்தவருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றிலுள்ள மையலினைத் தாக்குகிறது. செய்தி தாமதமாகும் அல்லது நின்றுபோகும். சில சமயம் எதுவும் படாமலே தப்பான செய்தி கிளம்பும். அதுதான் எரிச்சலாகவும் குத்தலாகவும் தெரிகிறது. இந்த நோயை 1868-இல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் தெளிவாக விளக்கினார்.

ஆக, சியாட்டிகாவில் கோளாறு நரம்பு வேரில். எம்.எஸ். நோயில் கோளாறு மூளைக்குள் அல்லது தண்டுவடத்துக்குள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

கேட்டுப் பார்க்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. வலி எந்த வழியில் ஓடுகிறது? ஒவ்வொரு நரம்பு வேருக்கும் காலில் அதற்கென ஒரு பாதை உண்டு. சியாட்டிகா வலி பெரும்பாலும் ஒரு காலில், ஒரு கோடு மாதிரி ஓடும். ஒரு வேர் அழுத்தப்பட்டால் கெண்டைக்காலின் வெளிப்பக்கமாகப் போய்ப் பெருவிரலில் முடியும். அடுத்த வேர் என்றால் பின்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் பக்கம் போகும். எம்.எஸ். வலி இந்தக் கோட்டுக்குக் கட்டுப்படாது. இரண்டு கால்களிலும் எரியலாம்; பாதம் முழுக்க எரியலாம்; வயிற்றையோ நெஞ்சையோ சுற்றி இறுக்கமாகக் கயிறு கட்டியது போலவும் இருக்கலாம்.

2. எது வலியைக் கூட்டுகிறது? இருமினால், தும்மினால், குனிந்தால், ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கூடுகிறதா? படுக்கும் விதத்தை மாற்றினால் குறைகிறதா? அப்படியானால் சியாட்டிகாவாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்.எஸ். வலி நாம் உட்காரும் விதத்தைப் பெரிதாகக் கவனிக்காது. சும்மா படுத்திருக்கும்போதும், குறிப்பாக இரவில், எரியும். ஆனால் சூடு அதைக் கூட்டும். மத்தியான வெயிலில் பந்து விளையாடினாலோ, சுடுதண்ணீரில் குளித்தாலோ மரத்துப்போவதும் பலவீனமும் அதிகமாகி, உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் கவனித்துச் சொன்னது இது. இன்னொன்று, தலையைக் குனிந்து தாடையை நெஞ்சில் வைக்கும்போது முதுகு வழியாக ஷாக் அடித்த மாதிரி ஓடினால் கோளாறு கழுத்துத் தண்டுவடத்தில் இருக்கலாம்.

3. எப்படி ஆரம்பித்தது? கனமானதைத் தூக்கியபோது 'சுருக்'கென்று பிடித்தது என்று நாளும் நேரமும் சொல்ல முடிந்தால் சந்தேகம் முதலில் முதுகின் மேல்தான். எம்.எஸ். அறிகுறி பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மெல்ல ஏறி, நாட்கணக்கில் வாரக்கணக்கில் இருந்து, தானாகவே குறையும். "போயிடுச்சு, விடு" என்று மறந்துவிடுவோம். மாதங்கள் கழித்து வேறு இடத்தில் வேறு உருவில் திரும்ப வரும்.

4. கூட வேறு என்ன வந்தது? நான்கில் முக்கியமான கேள்வி இது. டிஸ்க் பிதுங்கினால் கண் மங்காது. ஒரு கண் சில நாள் மங்கி, அசைத்தால் வலித்ததா? பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தனவா? கை மரத்ததா? நடக்கும்போது தள்ளாடியதா? சிறுநீரை அடக்க முடியாமல் அவசரமாக ஓட வேண்டியிருந்ததா? தூங்கி எழுந்தும் தீராத களைப்பு இருந்ததா? இவை முன்பு எப்போதோ வந்து போயிருந்தாலும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டு பேரைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு தம்பி, கிடங்கில் பெட்டி தூக்கியபோது பிடித்த இடுப்பு. வலி இடது காலில் சுண்டுவிரல் வரை. தும்மினால் உயிர் போகிறது. ஒரு தங்கை, இரண்டு பாதங்களிலும் எரிச்சல். உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒரே மாதிரி. போன வருடம் ஒரு கண் இரண்டு வாரம் மங்கியிருந்தது. இருவரும் கிளினிக்கில் "கால் வலி டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தங்கை அந்தக் கண் விஷயத்தைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

மருத்துவர் என்ன செய்வார்?

மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்குவார். 30 முதல் 70 டிகிரிக்குள் அதே வலி முட்டிக்குக் கீழே ஓடினால் வேர் அழுத்தப்பட்டிருக்கலாம். சிறு சுத்தியலால் முட்டியிலும் குதிகாலுக்கு மேலும் தட்டுவார். வேர் அழுத்தப்பட்டிருந்தால் கால் துள்ளுவது குறையும். தண்டுவடத்தில் கோளாறு என்றால் மேலிருந்து வரும் கட்டுப்பாடு தளர்ந்து, வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளும். உள்ளங்காலில் கோடு இழுக்கும்போது பெருவிரல் கீழே மடங்காமல் மேலே போனால் அதுவும் தண்டுவடத்தையோ மூளையையோ காட்டும். 1896-இல் பாபின்ஸ்கி எழுதிய இந்தச் சோதனைக்கு இன்றும் ஒரு காசு செலவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே, போதாதா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் மாதிரி நரம்பு வேர்கள்தான். ஆகவே இடுப்புக்கு மட்டும் எடுத்த எம்.ஆர்.ஐ. கழுத்தையும் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தையும் மூளையையும் காட்டாது. எம்.எஸ். இருக்கும் இடங்கள் அவைதான்.

இன்னொரு பக்கம், எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களைப் படம் எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய 30 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் கொஞ்சம் பிதுங்கித் தெரியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படத்தில் பிதுக்கம் இருக்கிறது என்பதற்காக வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. படமும் வலி ஓடும் பாதையும் ஒத்துப்போக வேண்டும். எம்.எஸ். உள்ளவருக்கே சியாட்டிகாவும் வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்

நம்மில் சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், அதிலும் பால், தயிர்கூடத் தொடாதவர்கள், வைட்டமின் பி12 குறைவை நினைவில் வையுங்கள். அது குறைந்தாலும் பாதம் மரத்துப்போகும், கூசும், தண்டுவடமும் பாதிக்கப்படும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் இரண்டு பாதங்களும் எரியும். இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துவிடலாம். சைவத்தை விட வேண்டியதில்லை. பி12 மாத்திரை இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத நேரம்

தொடைகளுக்கு நடுவே, மலவாய்ப் பக்கம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நின்றுபோவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, கால் பலம் வேகமாகக் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அதே நாளில் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தக் குதிரை வால் நரம்புகள் நசுங்கிக் கொண்டிருக்கலாம். நீவி விட வேண்டாம், காலை வரை பொறுக்கவும் வேண்டாம்.

மற்றபடி சியாட்டிகா பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை சிகிச்சையில்லாமலே குறைகிறது. எம்.எஸ். முழுதாகக் குணமாகாது. ஆனால் 1990-களிலிருந்து நோய்த் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. சீக்கிரம் தொடங்கினால் நரம்புகளை அதிகம் காப்பாற்றலாம். மாதங்கள் வீணாகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

"யாரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்று பாட்டி திருஷ்டி சுற்றினால் சுற்றட்டும். அது அவர் பாசம். கோயிலில் அர்ச்சனையும் செய்வோம். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வலி ஓடிய வழி, கூட வந்தவை எல்லாவற்றையும் எழுதி கிளினிக்குக்கு எடுத்துப் போவோம். தேவையென்றால் நரம்பியல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்போம். திருமூலர் உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாகப் பார்த்தவர். கோயில் கூரை ஒழுகினால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று ஏறிப் பார்க்கிறோம் இல்லையா?

கலந்துரையாடலுக்கு:
1. இடுப்பு எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்தால், அடுத்து மருத்துவரிடம் என்ன கேட்பீர்கள்?
2. மேலே சொன்ன தம்பி, தங்கை இருவருக்கும் நான்கு கேள்விகளையும் பொருத்திப் பாருங்கள்.
3. உங்கள் வீட்டில் கால் வலியைச் சொல்ல என்னென்ன வார்த்தைகள் பயன்படுத்துகிறார்கள்? ஒவ்வொன்றையும் மருத்துவருக்குப் புரியும்படி எப்படி விளக்குவீர்கள்?